மாத்திரை லேட்டாயிடுச்சா? பதற வேண்டாம்... 3 நாள் விட்டால் உஷார்!

தூத்துக்குடி:
உப்பளத்துக்கு விடியும் முன்பே கிளம்பணும். மீன் கம்பெனியில் நைட் ஷிப்ட் வரும். இந்த ஓட்டத்தில் ராத்திரி போட வேண்டிய கருத்தடை மாத்திரை மறுநாளைக்குத் தள்ளிப்போவது சகஜம். பயந்துபோய் அட்டையையே தூக்கிப் போடுவதுதான் ஆபத்து.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில் மாத்திரை சாப்பிடுவோர் 100-க்கு ஒருவர்கூட இல்லை. அதனால் லேட்டானால் என்ன செய்வது என்று சொல்லித்தர வீட்டிலும் ஆள் இல்லை.

மாலா-என்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். அட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன் மாத்திரை, கடைசி 7 இரும்புச்சத்து மாத்திரை. தினம் ஒன்று.

சில மணி நேரம் லேட்டானால் ஒன்றும் ஆகாது. 1 அல்லது 2 நாள் விட்டுப்போனால், ஞாபகம் வந்ததும் ஒன்று போட்டுவிட்டு வழக்கம்போல தொடரலாம். அன்று 2 மாத்திரை ஆனாலும் தப்பில்லை.

ஹார்மோன் மாத்திரையை தொடர்ந்து 3 நாள் விட்டால்தான் சிக்கல். உடனே ஒன்று போட்டு, அடுத்த 7 நாள் ஆணுறை கட்டாயம். 3-வது வாரத்தில் விட்டிருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை ஒதுக்கிவிட்டு, நேராக புது அட்டை தொடங்கணும்.

சாயா

லக்னோ அரசு ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. ஹார்மோன் கிடையாது. முதல் 3 மாதம் வாரம் 2, பிறகு வாரம் 1. தினமும் ஞாபகம் வைக்க முடியாதவர்களுக்கு இது தோது. 7 நாளுக்குள் லேட்டானால் உடனே போட்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறை. 7 நாள் தாண்டினால் முதலிலிருந்து வாரம் 2.

புருஷன் கடலுக்குப் போயிருக்கிறார், எதற்கு மாத்திரை என்று நிறுத்தவும் கூடாது. அவர் கரை வந்த அன்று ஒன்று போட்டால் பலன் இல்லை.

கடைசி வழி

72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை சட்டப்படி சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பல மெடிக்கல் கடைகளில் அது கிடைப்பதில்லை. அலைவதற்குள் நேரம் ஓடிவிடும். நேராக ஆரம்ப சுகாதார நிலையம் போவதே நல்லது.

பி.பி. உள்ளவர்கள், 6 மாதம் ஆகாத கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாலா-என் தொடக்கூடாது.

ஷிப்ட் எப்படி மாறினாலும் மாறாத வேலை ஒன்று இருக்கும். பல் தேய்ப்பதோடு மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஞாபகப்படுத்துவது வீட்டுக்காரர் பொறுப்பும்தான். ஆணுறையும் அங்கேயே இலவசம்!