காற்றின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ராமேசுவரத்தில் தங்கும் விடுதி ஒன்றின் மாடியிலிருந்து சோலார் வாட்டர் ஹீட்டர் தெருவில் விழுந்த செய்தியைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். கடைசி வரியில் அதிகாரி ஒருவரின் விளக்கம்: "பலத்த காற்றே காரணம்." விழுந்த சத்தத்தைவிட அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை.

நான் அந்தச் சந்தில் குடியிருப்பவன். விழுந்தது 300 லிட்டர் டாங்கி. தண்ணீர் மட்டுமே 300 கிலோ. டாங்கியும் ஸ்டாண்டும் தனி. கண்ணாடிக் குழாய்கள் சந்து முழுக்கச் சிதறிக் கிடந்தன. அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, ஈரத் துணியும் வெறுங்காலுமாக, கோயிலுக்குள் 22 தீர்த்தமாட ஜனங்கள் போகிற வழி அது. நடுச்சாமம் என்பதால் உயிர்கள் தப்பின. விடிந்த பிறகு, அதுவும் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் விழுந்திருந்தால்? காலையில் தெருக் கூட்ட வந்த அம்மாவின் உள்ளங்கையைக் கண்ணாடி கிழித்தது. அந்தக் காயம் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

காற்றாம்! ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், ஐப்பசி கழிந்தால் வடக்கிலிருந்து வாடை அடிக்கும் என்பது இங்கே கரைவலை இழுக்கும் பொடியனுக்கும் தெரியும். தெற்குப் பார்த்துச் சரித்து வைக்கும் ஹீட்டரைக் கச்சான் முகத்தில் அறையும். வாடை முதுகுப் பக்கம் புகுந்து அடியோடு தூக்கும். ஆகவேதான் ஸ்டாண்டின் கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே என்ன செய்திருந்தார்கள்? தட்டோட்டின் மேல் கால்களை நிறுத்தி, சுற்றிலும் கொஞ்சம் சிமென்ட் பூசியிருந்தார்கள். கால்களுக்கு வெளியே பளபளவென்று பெயின்ட். உள்ளே கையால் உதிர்க்கக்கூடிய துரு.

இதே அரசாங்கத்துக்கு வேறு இடங்களில் காற்று நன்றாகவே தெரிகிறது. காற்று கூடினால் விசைப்படகுக்கு டோக்கன் கிடையாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அது ஓடிய காலத்தில். உப்பும் தெரியும்: 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு. இரும்பைக் கடற்காற்று எப்படித் தின்கிறது என்று ஆராயும் காரைக்குடி சிக்ரி ஆய்வகத்துக்கு மண்டபத்திலேயே கிளை இருக்கிறது. 1964 புயலைப் பற்றி மேடைக்கு மேடை உருகவும் தெரியும். மொட்டைமாடி என்று வந்தால் மட்டும் எல்லாம் மறந்துபோகிறது.

சூரிய ஆற்றலுக்குக் கட்டடத்தில் வழி செய்யச் சொல்லும் விதிகள் 2019 முதல் இருக்கின்றன. நல்லது. வரைபடத்தில் 'சோலார்' என்று ஒரு கட்டம் இருந்தால் முத்திரை விழுகிறது. அந்தக் கட்டம் பீமின் மேல் நிற்கிறதா, கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருக்கிறதா என்று யார் ஏறிப் பார்த்தார்கள்?

"பொருத்தியது கம்பெனி ஆட்கள்" என்பார்கள். பொருத்திவிட்டு அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கீழே நடப்பவர்கள் நாங்கள். "செலவு கூடும்" என்பார்கள். நல்ல போல்ட்டின் விலை விடுதியில் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை வருமா? "சோலாரே வேண்டாம் என்கிறீர்களா" என்றும் கேட்பார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்கும் மாவட்டம் இது. வெயில் மேல் எங்களுக்கு வழக்கில்லை.

விழுவது மட்டுமா ஆபத்து? மழைநாளுக்காக டாங்கிக்குள் வைக்கும் மின்சார காயிலுக்கு எர்த் வேண்டும், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். கீழே குளிப்பவர் நனைந்த உடம்போடு நிற்கிறார். நீராவி வெளியேறும் ஏர் வென்ட் குழாயை யாரும் அடைக்கக் கூடாது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு டாங்கியை உள்ளிருந்து அரிக்கும். அதைக் காக்க மெக்னீசியம் தண்டு ஒன்று தன்னைக் கரைத்துக்கொள்கிறது. இந்த ஊரில் பொதுமக்களுக்காகக் கரைவது அது ஒன்றுதான் போலும்.

கேட்பது பெரிதல்ல. பொருத்தியவுடன் ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, கச்சானுக்கு முன்னும் வாடைக்கு முன்னும், கோயிலைச் சுற்றியுள்ள விடுதி மாடிகளைச் சோதிக்க வேண்டும். விழுந்தால் உரிமையாளரோடு அந்தக் கையெழுத்தும் பதில் சொல்ல வேண்டும்.

வாடை தொடங்க இன்னும் நாளிருக்கிறது. மாடிப்படி ஏறினால் அதிகாரிகளுக்கு மூச்சு வாங்கும் என்றால் சொல்லி அனுப்பட்டும். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக எங்கள் தெரு இளைஞர்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராமேசுவரம்.