பெட்ரோல் மாறிற்று, குழாய் எங்கே?

இதை எழுதும்போது என் மேஜையின்மேல் ஒரு சாண் நீளமுள்ள கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று கிடக்கிறது. கடைக்காரர்கள் ஓஸ் என்றும், ஒர்க்‌ஷாப் பையன்கள் பெட்ரோல் டியூப் என்றும் சொல்லும் இந்தப் பொருள், சென்ற மாசி மாதத்தில் எங்கள் காரிலிருந்து கழற்றப்பட்டது. விரலால் வளைத்தால் மேற்புறத்தில் வெடிப்புகள் வாய் பிளக்கின்றன. பிளேடால் நெடுகக் கீறிப் பார்த்தபோது உட்சுவர், தண்ணீரில் ஊறிய உளுந்தின் தோலைப்போல் உப்பி, நகம் பட்ட இடத்திலெல்லாம் பெயர்ந்து வந்தது. பல வருஷம் உழைத்த குழாயாக இருந்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இதுவோ, புதிது என்று வாங்கி மாட்டி எட்டு மாதமே ஆன குழாய்.

வண்டி என் தகப்பனார் 1997-இல் வாங்கியது. கார்புரேட்டர் வைத்த சிறிய கார். அவர் காலத்துக்குப் பிறகும் அதை விற்க மனமில்லாமல், வருஷாவருஷம் சிரத்தையுடன் பராமரித்து வருகிறோம். மாசி மகத்தன்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குப் புறப்பட்டு, பாதி தூரம் போவதற்குள், பின் ஆசனத்திலிருந்த என் மனைவி, "பெட்ரோல் வாசனை வருதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். ஓரமாக நிறுத்தி, குழந்தைகளைத் தூர இறக்கிவிட்டுப் பானெட்டைத் திறந்தபோது, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் கிளிப்பருகே பெட்ரோல் துளித்துளியாகக் கசிந்து, தொட்டால் கை வெந்துபோகும் சூட்டிலிருந்த எக்ஸாஸ்ட் குழாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தத் துளிகள் இன்னும் நாலு விரற்கடை இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு, இத்தனை மாதம் கழித்தும், இரவில் என்னை எழுப்பிவிடுகிறது.

குழாயைக் கழற்றிய மெக்கானிக் ஐம்பது வயதைக் கடந்தவர். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பெட்ரோலுக்கு ஆன ஓஸே இல்லீங்க. கம்பெனி பேரைக்கூடத் தப்பா அடிச்சிருக்கான் பாருங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பிரசித்தி பெற்ற ஒரு பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. வேறோர் ஊரில், நல்ல வியாபாரம் நடக்கும் ஒரு ஸ்பேர்ஸ் கடையில், "ஒரிஜினல்தானே?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு, "சந்தேகமே வேண்டாம் சார், எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்ற உறுதிமொழியையும் பெற்றுக்கொண்டு, சுருளிலிருந்து வெட்டி வாங்கி வந்த குழாய் அது. பில் கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கொடுக்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

இத்தனை பெரிய இயந்திரத்தில் இரும்பை விட்டு ரப்பரை ஏன் நம்பவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோல் டேங்கும் அதிலிருந்து வரும் உலோகக் குழாயும் வண்டியின் உடம்போடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்க, எஞ்சினோ ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்து ஓயாமல் குலுங்கிக்கொண்டிருப்பதால், அசையாத ஒன்றையும் அசையும் ஒன்றையும் இணைக்க வளையும் தன்மையுள்ள ஒரு துண்டு அவசியமாகிறது. அந்தத் துண்டுதான் இது. வெளிப்பார்வைக்கு ஒரே கறுப்பாகத் தோன்றினாலும் யோக்கியமான குழாய்க்கு மூன்று அடுக்குகள் உண்டு: பெட்ரோலைத் தாங்கும் உட்சுவர், அழுத்தத்தைத் தாங்கும் நூற்பின்னல், சூட்டையும் காற்றையும் தாங்கும் மேலுறை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போய்விடாமல் தாழ்வான இடங்களில் தங்கிப் பரவுவது. பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாவது. அப்படிப்பட்ட வஸ்துவுக்கும் கொதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே காவல் நிற்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர்.

அந்த ரப்பரிலும் ஜாதிகள் பல. அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்களின் சங்கமாகிய எஸ்.ஏ.இ. வகுத்த ஜே-30 என்ற தரவிதியில், கார்புரேட்டர் வண்டிக்கு உரிய ஆர்-7 வகை, சதுர அங்குலத்துக்கு 50 ராத்தல் அழுத்தத்துக்கு ஆனது. பெட்ரோலைப் பீச்சியடிக்கும் இஞ்செக்‌ஷன் வண்டிக்கு உரிய ஆர்-9 வகை 100 ராத்தலுக்கு ஆனது, அதன் உட்சுவரும் ஃப்ளோரின் சேர்ந்த உயர்ந்த ரப்பர். டேங்கினுள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கவேண்டிய குழாய்க்கு ஆர்-10 என்று தனி வகையே இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியின் பம்பு 3 முதல் 5 ராத்தல் அழுத்தமே கொடுக்க, இஞ்செக்‌ஷன் வண்டியில் அது 40 ராத்தலைத் தொடுவது சகஜம். ஆகவே ஒன்றுக்கு ஆனதை மற்றொன்றுக்கு மாட்டுவது கிணற்றுக் கயிற்றால் தேர் இழுப்பதற்கு ஒப்பாகும். ஆனால் நம் ஊர்க் கடைகளில், "6 எம்.எம். வேணுமா, 8 எம்.எம். வேணுமா?" என்ற கேள்வியோடு விசாரணை முடிந்துபோகிறது. எந்த வண்டிக்கு, எந்த இடத்துக்கு என்று கேட்கும் கடைக்காரரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னது என்றைக்கும் உள்ள சங்கதி. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதைப்பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் திட்டம் 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதமாக ஆரம்பமாகி, 2022-இல் 10 சதவீதத்தை எட்டி, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025-இல் நாடெங்கும் இ-20 பெட்ரோலே சாதாரணப் பெட்ரோல் என்றாகிவிட்டது. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோள விவசாயிக்கும் விலை கிடைக்கிறது என்ற நியாயங்களை நான் மறுக்கவில்லை. காவிரிப் பாசனத்தில் பிறந்தவன் விவசாயிக்கு வரும் லாபத்தை மறுக்கவும் கூடாது. ஆனால் எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. பழைய வண்டிகளில் போட்ட சாதாரண ரப்பரினுள் அது எளிதில் ஊடுருவி உப்ப வைக்கும். ரப்பருக்கு மிருதுத்தன்மை தருவதற்காகச் சேர்த்த எண்ணெய்ச் சத்தை மெல்லக் கரைத்து வெளியேற்றிவிடும். வண்டி ஓடாமல் நின்று குழாய் உலரும்போது அதே ரப்பர் விறைத்து வெடிக்கும். என் மேஜைமேல் கிடக்கும் துண்டு இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. மேலும், பட்டுப்போகும் மரங்களிலிருந்து எழும் எத்தனாலின் மணத்தைப் பின்பற்றிச் சென்று மரத்தைக் குடையும் அம்புரோசியா வண்டுகளைப் பூச்சியியலார் நெடுநாளாக அறிவார்கள். கேரளத்தில் பெட்ரோல் குழாய்களைச் சிறு வண்டுகள் துளைப்பதாகச் சில வருஷங்களாக வரும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு அந்த நினைவே வருகிறது.

இந்த விஷயம் சர்க்காருக்குத் தெரியாதது அல்ல. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர்ப் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றும்படி ஆலோசனை கூறப்படலாம் என்றும், அது செலவு குறைந்தது, வழக்கமான சர்வீஸின்போதே சுலபமாகச் செய்யக்கூடியது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. செலவு குறைந்தது என்பது வாஸ்தவம். சுலபம் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள முடியாது. எதை மாற்றுவது, எந்தத் தரத்தில் மாற்றுவது, அதை எந்தக் கடையில் நம்பி வாங்குவது என்ற மூன்று கேள்விக்கும் மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ உள்ள ஒரு பழைய வண்டிக்காரருக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

நான் மூன்று மாதம் தேடினேன். உற்பத்தி நின்றுபோன மாடலாகையால் கம்பெனியின் உதிரிபாக வரிசையில் அந்தக் குழாய் இல்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். அங்கே ஒரே மாதிரித் தோன்றும் நாலு சுருள்களை நாலு கடையில் நாலு விலைக்குக் காட்டினார்கள். இ-20 பெட்ரோலைத் தாங்குமா என்ற கேள்விக்கு எழுத்தில் உள்ள ஒரு பதிலை ஒரே ஓர் இடத்தில்தான் காட்டினார்கள். புதுப்பேட்டையில் பழைய வண்டிக்குக் கதவும் கண்ணாடியும் கியர்பாக்ஸும் தேடி எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். என்னைப் போன்ற எத்தனையோ பேருடைய வண்டிகளை அந்தப் பேட்டை உயிரோடு வைத்திருக்கிறது. இரும்பு ஒருவரிடம் உழைத்தபின் இன்னொருவரிடம் உழைக்கும். ரப்பர் அப்படியல்ல, அது மாட்டிய நாளிலிருந்து மூப்படைவது, மாட்டாமல் அலமாரியில் கிடந்தாலும் மூப்படைவது. பெட்ரோல் குழாயைப் பழைய சாமானாக ஒருநாளும் வாங்கலாகாது.

போலிச் சரக்குக்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. பிறர் முத்திரையைத் திருடிப் பொருளில் அச்சிடுபவனுக்கு 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரும் விற்றவரும் ஈடு செய்யவேண்டும் என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாக்கெட்டில் அடைத்த பொருளென்றால் தயாரித்தவர் பெயர், விலாசம், மாதம், வருஷம், விலை யாவும் அதன்மேல் இருந்தாகவேண்டும். ஆனால் சுருளிலிருந்து கத்தரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் அரை மீட்டர் குழாய் பாக்கெட்டும் அல்ல, பில் உள்ள சரக்கும் அல்ல; எல்லாச் சட்டங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் அது நழுவிப் போய்விடுகிறது. இருசக்கர வாகனத்துக்கான ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாமல் விற்கக்கூடாது என்ற உத்தரவு 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. தலையைக் காக்கும் பொருளுக்குக் காட்டிய அந்த அக்கறை, தீயைத் தடுக்கும் பொருளுக்கு ஏன் கூடாது?

பழைய வண்டி வைத்திருப்பது குற்றம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயும், 20 வருஷம் கடந்ததற்கு 2025 ஆகஸ்ட் உத்தரவுப்படி 10,000 ரூபாயும் கட்டணம். தகுதிச் சோதனையில் தேறி, இந்தக் கட்டணத்தையும் வரியையும் கட்டி, சட்டப்படி சாலையில் ஓடும் வண்டி அது. அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் புது வண்டி வாங்க வசதியில்லாத ஆசிரியரோ, சிறு வியாபாரியோ, ஓய்வூதியக்காரரோ ஆவார். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலவையைப் பொதுவாக்கியபோது, பழைய வண்டிகளை உத்தேசித்து 5 சதவீதக் கலவையை உயர்ரகப் பெட்ரோலாகத் தொடர்ந்து விற்க ஏற்பாடு செய்தார்கள். இன்ன வண்டிக்கு இது ஆகும், இன்ன வண்டிக்கு ஆகாது என்று எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஜாபிதாவையும் வெளியிட்டார்கள். நாம் 20 சதவீதத்துக்குப் போயிருக்கிறோம். தேர்ந்தெடுக்கும் உரிமை சாமானியருக்கு இல்லை. ஆகவே பெட்ரோலை மாற்றியவர்களுக்கே குழாயையும் கிடைக்கச் செய்யும் கடமை உண்டு என்பது என் துணிபு.

அதற்கு வழி இருக்கிறது. எஞ்சின் ஆயிலை டப்பாவில் அடைத்து முத்திரையிட்டு ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் விற்கிறார்களே, அந்த அலமாரியிலேயே, இ-20 பெட்ரோலுக்குச் சோதித்துத் தேர்ந்த குழாயை, வழக்கத்திலுள்ள உள்விட்டங்களில், தக்க கிளிப்புகளுடன் முத்திரையிட்ட பாக்கெட்டில் எண்ணெய்க் கம்பெனிகள் விற்கட்டும். எந்த மாடலுக்கு எந்த அளவு, எந்த வகை, எத்தனை துண்டு என்ற அட்டவணையைக் கார் கம்பெனிகள் தமிழிலும் அச்சிட்டு அங்கே தொங்கவிடட்டும். கிளிப்பைச் சொல்லக் காரணம் உண்டு: பட்டையில் பல் வெட்டிய சாதாரணக் கிளிப்பை இறுக்க இறுக்க அந்தப் பல்லே குழாயை அறுத்துவிடும், உட்பக்கம் வழுவழுப்பான கிளிப்பு அறுக்காது.

அந்த நாள் வரும்வரை, பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பெயரும் தரக்குறியும் உள்விட்டமும் தயாரித்த காலமும் நெடுகத் தெளிவாக அச்சிட்டிருக்கும் குழாயைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். வெட்டிய முனையில் நூற்பின்னல் தெரிகிறதா என்று பாருங்கள். விலை நூறு ரூபாயானாலும் பில் வாங்குங்கள். போலியென்று கண்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எஞ்சினருகே உள்ள ஒரு துண்டை மட்டும் மாற்றிவிட்டு, டேங்கின் பக்கத்தில் கண்ணுக்கு மறைவாக உள்ளவற்றை மறந்துவிடாதீர்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால், எவ்வளவு அவசரமானாலும், சாவியைத் திருப்பாதீர்கள். எல்லோரையும் இறக்கிவிட்டு மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.