காணாமல் போன குழந்தையும் கரையும் நேரமும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகடலோரச் சிற்றூரான கெண்டலில், 2014 செப்டம்பர் 12 காலையில் மூன்று வயது வில்லியம் டிரல் காணாமல் போனான். வளர்ப்புப் பாட்டியின் வீட்டு முற்றத்தில் ஸ்பைடர்மேன் உடையில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் அவன்.

காவல்துறையும் அவசர சேவையினரும் ஊர்மக்களும் காட்டையும் ஓடைகளையும் சல்லடையாகச் சலித்தனர், தடயம் கிடைக்கவில்லை. 2016இல் மாநில அரசு 10 லட்சம் டாலர் வெகுமதி அறிவித்தது. 2019இல் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை தொடங்கியது. 2021இல் ஊரை ஒட்டிய புதர்க்காட்டில் மீண்டும் வாரக்கணக்கில் தேடுதல் நடந்தது. சிறுவன் காணாமல் போனதற்காக யார் மீதும் கொலைக் குற்றமோ கடத்தல் குற்றமோ சாட்டப்படவில்லை.

விடை கிடைக்காத வழக்குகளில் வதந்தி எளிதாக இடம்பிடிக்கிறது. ஒருவர் விசாரிக்கப்பட்டார் என்ற செய்தியே அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. விசாரணை முடியும் முன் தீர்ப்பு எழுதும் உரிமை ஊடகங்களுக்கும் இல்லை, சமூக வலைத்தளங்களுக்கும் இல்லை.

குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது வேறொன்று. 24 மணி நேரம் காத்திருந்த பிறகே புகார் தர முடியும் என்ற நம்பிக்கை தவறானது. ஆஸ்திரேலியாவில் அப்படியொரு விதி இல்லை. குழந்தையைக் காணவில்லை என்றால் உடனே 000 எண்ணை அழைக்க வேண்டும். ஆங்கிலம் தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அண்மைய புகைப்படம், அணிந்திருந்த உடை, கடைசியாகக் கண்ட இடம் ஆகிய மூன்றும் முதல் மணி நேரத் தேடலுக்கு அடிப்படை. சிட்னி, மெல்பர்ன் தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் இதைப் பெற்றோரிடம் கொண்டுசேர்க்க வேண்டும்.