மண்ணுக்குள் இருப்பதை எழுப்பாதிருங்கள்



பெயர் ஒன்றாகவும் குணம் வேறொன்றாகவும் அமைந்த உயிர்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம். அதன் பெயர் துறவி நண்டு. இறந்துபோன கடல் நத்தையின் சங்குக்குள் தன் மெல்லிய பின்னுடலை ஒடுக்கிக்கொண்டு, அச்சங்கைச் சுமந்தபடியே நடமாடும் சிறு பிராணி அது. அந்தமான் தீவுகளுக்கோ இலட்சத்தீவுகளுக்கோ சென்றுவந்தவர்கள், கரை மணலில் சங்குகள் தாமாக நகர்வதைக் கண்டு வியந்திருப்பீர்கள். குகைக்குள் ஒதுங்கி வாழும் துறவியைப்போலத் தோன்றியபடியால் மேலைநாட்டார் இதற்கு அப்பெயரை இட்டார்கள்.

கரையில் வாழும் இவ்வகை நண்டுகளை அமெரிக்க நாட்டில் பலர் வீட்டுப் பிராணியாக வளர்க்கிறார்கள். கரீபியன் கடற்பகுதியில் பிடிக்கப்பட்டு, கடற்கரைச் சுற்றுலாக் கடைகளிலே கம்பிக் கூடுகளில், பிள்ளைகளின் கண்ணைக் கவரும்படி வர்ணம் பூசிய சங்குகளோடு இவை விற்கப்படுகின்றன. இயற்கையில் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இந்நண்டு, வாங்கிச் சென்ற வீட்டிலோ பல வேளைகளில் சில மாதங்களுக்குள் மாண்டுபோகிறது. வாங்குகிறவர்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. இந்தப் பிராணிக்குக் கூட்டமும் வேண்டும், தனிமையும் வேண்டும் என்பதையும், எந்த நேரத்தில் எது வேண்டும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

கூட்டமாய் வாழும் துறவி

இயற்கையிலே இவை தனித்து வாழ்பவை அல்ல. பகல் வெப்பத்தில் மரவேர்களின் இடுக்கிலும் சருகுகளின் அடியிலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இரவானதும் கூட்டமாக இரை தேடப் புறப்படும். இரண்டு நண்டுகள் எதிர்ப்பட்டால் உணர்கொம்புகளை அசைத்து, தொட்டும் முகர்ந்தும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். ஆகையால் ஒற்றை நண்டைத் தொட்டியில் விட்டு வளர்ப்பது அதன் இயல்புக்கு ஒவ்வாதது. இரண்டு மூன்றாவது சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அனுபவமுள்ள வளர்ப்போரின் ஆலோசனை.

இவற்றின் கூட்டுவாழ்வில் மிகவும் வியப்புக்குரியது வீடு மாறுதலாகும். நகரத்தில் வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு இது எளிதில் விளங்கும். நண்டு வளரும், அது குடியிருக்கும் சங்கோ வளராது. எனவே பெரிய சங்கு தேவைப்படுகிறது. காலியான சங்கொன்று கரையில் கிடந்தால், முதலில் வரும் நண்டு அதனைச் சோதித்துப் பார்க்கும். தனக்கு மிகப் பெரிதாயிருந்தால் விட்டுப்போகாமல் அருகிலேயே காத்திருக்கும். பின்னர் வேறு நண்டுகள் வந்து சேரும். பெரியது முதல் சிறியது வரை அவை வரிசையாக நின்றுகொள்ளும். அளவுக்குப் பொருந்திய நண்டு வந்து அக்காலிச் சங்கில் நுழைந்த உடனே, அது விட்ட வீட்டில் அடுத்தது, அடுத்தது விட்ட வீட்டில் அதற்கடுத்தது என்று வரிசை முழுவதும் சில நொடிகளில் குடிமாறிவிடும். பெலிஸ் நாட்டின் கேரி போ கே என்னும் சிறு தீவில் ராண்டி ராட்ஜனும் அவருடைய குழுவினரும் கரீபியன் துறவி நண்டுகளிடம் இதனைக் கவனித்து 2010இல் வெளியிட்டார்கள். மனிதர் வீடு மாறுவதற்கும் இந்நண்டுகள் சங்கு மாறுவதற்கும் உள்ள ஒற்றுமையை ஐவன் சேஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளரும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இன்னொரு காரியமும் உண்டு. கோஸ்டாரிகா நாட்டின் பசிபிக் கரையில் வாழும் நண்டுகளை ஆராய்ந்த மார்க் லெய்ட்ரே, அவை சங்கின் உட்புறத்தைக் குடைந்து, இடத்தை விரிவாக்கி, சுவரை மெல்லியதாக்கிக்கொள்கின்றன என்று 2012இல் விளக்கினார். வளர்ந்த நண்டுகள் இவ்விதம் குடையப்பட்ட சங்குகளையே நாடுகின்றன. முன்னே குடியிருந்தவர் உழைத்துச் செப்பனிட்ட வீட்டில் பின்வருகிறவர் குடியேறுகிறார். இந்தக் காரணத்தினாலேயே ஒன்றுக்கொன்று தேவையாய் இருக்கின்றன.

போதிய சங்குகள் இல்லாத இடத்திலோ இதே தேவை சண்டையாக மாறும். வலியது எளியதைச் சங்கிலிருந்து இழுத்து வெளியேற்றும். அதில் காயமும் மரணமும் நேரிடும். ஆகவே வளர்க்கிற தொட்டியில், நண்டுகள் குடியிருக்கும் சங்குகளைவிடச் சற்றுப் பெரிதான காலிச் சங்குகள் பலவற்றைப் போட்டுவைக்க வேண்டும். வர்ணம் பூசிய சங்கு ஆகாது. பூச்சு உரிந்து நண்டின் வயிற்றுக்குள் போய்விடும்.

தோடு கழற்றும் காலம்

சங்கு இரவல். ஆனால் நண்டின் தலையையும் கால்களையும் மூடியிருக்கும் கடினமான தோடு அதன் சொந்த உடலைச் சேர்ந்தது. கைட்டின் என்னும் பொருளாலும் சுண்ணாம்புச் சத்தாலும் ஆன அத்தோடு விரிந்து கொடுக்காது. வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை அணிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலம் நெருங்கும்போது சில அடையாளங்கள் தோன்றும். நண்டு வழக்கத்துக்கு மிஞ்சித் தின்னும், தண்ணீர் குடிக்கும். பிறகு சோர்ந்திருக்கும். அதன் நிறம் சாம்பல்போல் மங்கும்; கண்கள் பளபளப்பை இழக்கும். பின்பு ஒருநாள் ஈர மணலைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கி மறைந்துபோகும். மண்ணுக்குள் சிறு அறைபோன்ற வெற்றிடத்தை அமைத்து, அந்த இருளிலே பழைய தோட்டைப் பிளந்து, ஒவ்வொரு காலையும் உறையிலிருந்து உருவுவதுபோல உருவிக்கொள்ளும். கண்ணின் மேலிருந்த மெல்லிய மூடியும்கூடப் பழைய தோட்டோடு கழன்றுவிடும். முன்னே கால் ஒன்றை இழந்திருந்தால், புதிய கால் சிறிதாக முளைத்திருக்கும். சேர்த்துவைத்த தண்ணீரினால் உடல் பருத்து, புதிய தோடு அந்தப் பெரிய அளவிலேயே இறுகும். அதன் பின்னர் தான் கழற்றிய தோட்டையே நண்டு தின்னும். இழந்த சுண்ணாம்புச் சத்து அதனால் உடலுக்குத் திரும்பி, தோடு உறுதிப்படும். சிறிய நண்டுக்கு இதற்குச் சில வாரங்கள் செல்லும்; பெரியதற்கு இரண்டு மாதமும் அதற்கு மேலும் ஆகும்.

அந்நாட்களில் அதற்குத் தனிமை அவசியம். புதுத்தோடு இறுகும்வரை அது தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. மற்ற நண்டுகள் வாசனையறிந்து தோண்டிவந்தால் அதனைத் தின்றுவிடவும் கூடும். தரைவாழ் துறவி நண்டுகள், தங்கள் இனத்தில் ஒன்று இறந்த வாசனையை உணர்ந்ததும் பெருங்கூட்டமாய் அங்கே திரள்கின்றன என்று லியா வால்டெசும் மார்க் லெய்ட்ரேயும் 2019இல் எழுதினார்கள். இறந்ததின் சங்கு காலியாயிருக்கும் அல்லவா! நேற்றுவரை துணையாயிருந்த கூட்டமே இன்று ஆபத்தாகிறது. ஆகையினால்தான் நண்டு ஆழத்தில் போய் ஒளிந்துகொள்கிறது.

இறந்ததென்று முடிவு செய்யாதிருங்கள்

பெரும்பாலான வீடுகளில் விபரீதம் நடப்பது இந்த இடத்திலேதான். ஒரு வாரமாய் நண்டைக் காணவில்லை. பிள்ளை கவலைப்படுகிறது. தகப்பனார் ஒரு கரண்டியை எடுத்து மணலைக் கிளறுகிறார். நண்டு அமைத்த சிற்றறை இடிகிறது. மென்மையான உடல் நசுங்குகிறது. பிழைத்திருந்த நண்டு, தேடியவர்களின் கையினாலேயே மாண்டுபோகிறது.

வேறு சில வீடுகளில் மணல் ஆழமில்லாதபடியால் நண்டு மேற்பரப்பிலேயே தோட்டைக் கழற்றும். கால்களோடும் கொடுக்குகளோடும் கிடக்கும் வெறுந்தோட்டைக் கண்டு, நண்டு இறந்து விழுந்துவிட்டது என்று எண்ணி, சங்கோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். சங்கின் உட்புறத்தில் நண்டு உயிரோடு ஒடுங்கியிருப்பதை அவர்கள் அறியார்கள். கழன்ற தோடு உள்ளே வெறுமையாகவும் இலேசாகவும் இருக்கும். உண்மையாகவே இறந்திருந்தால் அழுகிய மீனின் கடும் நாற்றம் வீசும். அந்த நாற்றம் இல்லையானால் காத்திருங்கள். கழன்ற தோட்டை அகற்றாமல், அடிப்பகுதி நீக்கிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை அந்நண்டைச் சுற்றி மணலில் அழுத்திவைத்து, மற்ற நண்டுகள் அணுகாதபடி காத்து, இருட்டாக்கி விட்டுவிடுங்கள்.

வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய மற்றவை இவை. மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரமாக்கி, குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். பெரிய நண்டுகளுக்கு அவற்றின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம் வேண்டும். செவுள்களால் சுவாசிக்கும் பிராணியானபடியால் காற்று உலர்ந்தால் மூச்சுத் திணறிச் சாகும். கம்பிக் கூடு அதற்குச் சவக்குழி. மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் ஈரப்பதம் ஏறக்குறைய 80 சதவீதமும், வெப்பம் 24 முதல் 30 டிகிரி செல்சியசும் இருக்க வேண்டும். குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் ஒரு கிண்ணத்திலும், மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்பைக் கரைத்த தண்ணீர் மற்றொன்றிலும் தேவை, சமையலுப்பு உதவாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடும் முட்டை ஓடும் கொடுக்கலாம்.

இவ்வளவையும் வாசித்தபின், உங்கள் பிள்ளை எங்கேயோ பார்த்துவிட்டு “எனக்கும் ஒரு நண்டு வேண்டும்” என்று கேட்டால் அவசரப்பட்டு இசையாதிருங்கள். இவற்றின் குஞ்சுகள் முதலில் கடல்நீரில் மிதந்து வளர்பவை. தொட்டியில் இனம் பெருக்குவது மிகக் கடினம். விற்பனைக்கு வருகிறவை ஏறக்குறைய எல்லாமே கரையிலிருந்து பிடிக்கப்பட்டவை. ஆகையால் அவற்றைக் கரையிலே கண்டு மகிழ்வதே நலம். கடற்கரைக்குச் செல்லும்போது அழகான சங்குகளைப் பைநிறையப் பொறுக்கிவராதிருக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நமக்கு அது அலமாரி அலங்காரம். அங்கே வரிசையில் நிற்பவற்றுக்கோ அது வீடு.

ஏற்கெனவே நண்டு வளர்க்கும் உறவினர் யாரேனும் வெளிநாட்டில் இருந்தால் இதனை அவர்களுக்கும் சொல்லுங்கள். நண்டு மண்ணுக்குள் இறங்கிய நாளைச் சுவரிலுள்ள வாக்குத்தத்த நாட்காட்டியில் பிள்ளையின் கையினாலேயே குறித்துவைக்கட்டும். தண்ணீர்க் கிண்ணங்களை நாள்தோறும் நிரப்பட்டும். மணலை மாத்திரம் தொடாதிருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையிலே, மணல்மேல் புதிய நிறத்தோடு அது நடந்துவருவதை முதலாவது காண்கிறவன் அந்தப் பிள்ளையாகவே இருப்பான்.