ஆணியில் படியும் செம்பு

அணு என்றதும் நமக்கு நினைவு வருவது 1945-ல் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் சாம்பலாக்கிய குண்டுதான். ஆனால் வயலில் பிடிக்கும் மண்வெட்டியும், ஆலையில் ஓடும் நூலும், குடிக்கும் கஞ்சியும் அணுக்களால் ஆனவையே. இதை நம் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள்? உபாத்தியாயர் சொல்வதை எழுதி, உருப்போட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவது கல்வியாகுமா? ஆகாது என்கிறோம்.

பயிர் நோய்க்குச் சுண்ணாம்புடன் கலந்து தெளிக்கும் மயில்துத்தம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரிந்த சரக்கு. வாயில் பட்டால் விஷம். எனவே உபாத்தியாயர் அருகிலிருக்க வேண்டும். அதை நீரில் கரைத்து, துருவில்லாத இரும்பு ஆணியைப் போட்டால், சிறிது நேரத்தில் ஆணிமேல் செம்பு படிகிறது. நீர் மெல்ல நீலம் வெளுக்கிறது. ஓர் இரும்பு அணு கரைசலுக்குள் போக, ஒரு செம்பு அணு வெளியே வருகிறது. ஆலையில் ஷிப்டு மாறுவது போல, ஆளுக்கு ஆள்!

அடுத்தது தராசு. 2.8 கிராம் இரும்புத்தூளைத் தாராளமான மயில்துத்தக் கரைசலில் இட்டு, இரும்பு முழுதும் கரைந்தபின் அடியில் தங்கும் செம்பைக் கழுவி உலர்த்தி நிறுத்தால் ஏறத்தாழ 3.2 கிராம் இருக்கும். எடை கூடியது ஏன்? அணுக்களின் எண்ணிக்கை கூடவில்லை. செம்பு அணு கனமானது. இரும்பு அணுவின் எடை 56 என்றால் செம்பு அணுவின் எடை 63.5. கண்ணுக்குத் தெரியாத அணுவைச் சிறுவன் தராசில் பிடித்துவிடுகிறான்!

அணுக்களை எடையால் அறியும் இவ்வழியைக் காட்டிய ஜான் டால்டன், 1766-ல் இங்கிலாந்தில் பிறந்த கைத்தறி நெசவாளியின் மகன். அவர் குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவினருக்கு அன்று ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் தர மறுத்தன. பஞ்சாலை நகரமான மாஞ்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்துக்கொண்டே 1803-ல் அணு எடைகளின் அட்டவணையை வகுத்தார். அவரும் அணுவைக் கண்ணால் கண்டவரல்ல.

நெசவாளி மகன் கண்ட விஞ்ஞானம் தொழிலாளி மக்களுக்கு எட்டாக்கனியாவதா? ஒரு தராசு, சில கண்ணாடிக் குவளைகள், கொஞ்சம் மயில்துத்தம்: இவை பெருஞ்செலவல்ல. பரிசோதனைச் சாலை பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் பூட்டைத் திறக்கச் சொல்வோம். உபாத்தியாயர் மட்டும் செய்துகாட்டினால் போதாது. ஒவ்வொரு மாணவனும், ஒவ்வொரு மாணவியும் தம் கையால் செய்ய வேண்டும்.

தோழர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: "இந்த வருஷம் நீ உன் கையால் செய்த பரிசோதனை எது?" பதில் இல்லையென்றால், நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.