கையுறை ஏந்தி வருவோர்



ஆங்கிலத்தில் 'வூ' என்றொரு வினைச்சொல் உண்டு. எழுத்து மூன்றே. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் ஆங்கிலச் சொல்லுக்கு உரை கூற வந்துவிட்டானே என்று நகைக்காதீர்கள். தேர்தல் வந்துவிட்டால் நாள்தோறும் நம்மைச் சுற்றிவரும் சொல் அது. மயிலாப்பூர் மாடவீதியிலே வேட்பாளர் கைகூப்பி வந்தால், வாக்காளரை அவர் 'வூ' செய்கிறார். 2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் சென்னையிலே உலக முதலீட்டாளர் மாநாடு கூடியதே, அங்கே அரசு முதலீட்டாளரை 'வூ' செய்தது. தலைப்புக்கு இடம் குறைவு, சொல்லும் சிறிது. ஏடுகளுக்கு அது கற்கண்டு!

சொல் பிறந்த இடம் காதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே, ஆடவன் ஒருத்தியின் உள்ளத்தை வேண்டி நிற்பதை அது குறித்தது. அரசியலுக்கும் வாணிகத்துக்கும் பின்னரே வந்து சேர்ந்தது. வேண்டி நிற்பது என்றேன்; பெறுவது என்று கூறவில்லை. ஓராண்டு 'வூ' செய்தும் தோற்றான் என்று ஆங்கிலத்தில் எழுதினால் இலக்கணம் முகஞ்சுளிக்காது. மறுக்கும் உரிமை அவள் கையிலே!

நாம் தமிழில் என்ன எழுதுகிறோம்? 'வாக்காளர்களைக் கவர' என்று. கவர்தல் யாது? பகைவர் ஆநிரையை ஓட்டிச் செல்வதற்கு வெட்சித் திணையிலே வழங்கும் சொல்லன்றோ! உள்ளம் கவர்தல் என்ற நயமான வழக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அங்கும் கவர்பவன் கள்வனே. கவர்ந்தான் என்றால் கதை முடிந்தது, மறுப்பென்ன, மன்றாட்டென்ன! ஆங்கிலத்திலே மங்கையாக நின்ற வாக்காளர், நம் மொழிபெயர்ப்பிலே மாடாகிவிட்டார்.

தமிழிலே சொல் இல்லாமலா இந்நிலை? அகப்பொருள் நூல்களைப் புரட்டுங்கள். தலைவியைப் பெற விழையும் தலைவன் நேரே அவளிடம் போய்விட முடியாது; தோழியை நாடவேண்டும். அம்பு பட்ட யானை இப்பக்கம் வந்ததா என்று வினவுவான். உங்கள் ஊர் யாது, உங்கள் பெயர் யாது என்பான். யானையும் இல்லை, அம்பும் இல்லை. பேச்சுக்கு ஒரு வாயில் வேண்டும், அவ்வளவே. இதற்கு மதியுடம்படுத்தல் என்று பெயர். மனத்தையல்ல, மதியை உடன்படச் செய்வது! தன் குறையைச் சொல்லி நிற்பது குறையிரத்தல். கேட்பவன் தாழ்ந்து நிற்கிறான், கொடுப்பவள் உயர்ந்து நிற்கிறாள்.

பிறகு கையுறை வருகிறது. தழையும் பூவும் ஏந்தி வருகிறான் தலைவன். தோழி உடனே வாங்கிக்கொள்கிறாளா? இத்தழை எங்கள் மலையில் இல்லாதது, அணிந்தால் எப்படி வந்ததென்று ஊரார் ஐயுறுவர் என்று திருப்பி அனுப்புகிறாள். கையுறை மறுத்தல் என்பதைத் தனித்துறையாகவே வைத்தவர் நம் முன்னோர்.

இன்று கையுறை என்ன வடிவில் வருகிறது என்பதை நான் விளக்கவேண்டுமோ? 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. பணம் பாய்ந்தது என்று சொல்லித் தேர்தல் ஆணையம் அறிவித்த தேர்தலையே நீக்கி, பின்னொரு நாளில் நடத்திய இடங்கள் இவை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவு, கையூட்டை ஊழல் நடவடிக்கை என்கிறது. இந்தத் தாள் எங்கள் குடிசையில் விளைவதன்று என்று மறுத்த தாய்மாரும் உண்டு. அவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதில்லை.

நாடகம் எழுதுபவன் ஆகையால் சேக்சுபியரையும் ஒரு கணம் அழைக்கிறேன். மூன்றாம் ரிச்சர்டு நாடகத்திலே, ஆன் என்னும் இளம் கைம்பெண் மாமனாரின் சவத்தோடு வருகிறாள். மாமனாரைக் கொன்றவன் ரிச்சர்டு; அவள் கணவனைக் கொன்றவனும் அவனே. சவத்தை இறக்கச் சொல்லி, அதன் அருகிலேயே காதல் பேசுகிறான்! பழிக்கிறாள், காறி உமிழ்கிறாள். அவனோ வாளை அவளிடம் நீட்டி மார்பைத் திறந்து காட்டுகிறான். ஒரே காட்சியில் அவள் விரலில் அவன் மோதிரம் ஏறிவிடுகிறது. அவள் சென்றதும் அவையோரிடம் அவன் சொல்லும் செய்திதான் கொடுமை: அவளை நெடுநாள் வைத்துக்கொள்ளும் எண்ணமே தனக்கில்லையாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இக்காட்சியை மேடையில்லாமலே பார்ப்பவர் நம் மக்கள்.

தியாகராய நகருக்கு வாருங்கள். 1920இல் முதலமைச்சுப் பொறுப்பு தேடி வந்தபோது வேண்டாமென்ற பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய நகர். அங்கே 2021 சட்டமன்றத் தேர்தலில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நின்றவை 137 வாக்குகள்! ரங்கநாதன் தெருத் துணிக்கடையொன்றின் ஒரு மாடியில் மாலை நேரத்தில் நெருக்கி நிற்போர் அதைவிட அதிகம் இருப்பர். அதே தேர்தலில் சென்னை மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 59 விழுக்காடு. மாநிலம் முழுவதிலுமோ 72 விழுக்காட்டுக்கு மேல். பத்துப் பேரில் நால்வர் கதவையே திறக்கவில்லை. அடையாற்றின் அடுக்குமாடி வாயிலிலே காவலாளி நிற்கிறார். அங்கே கையுறையும் செல்லாது, ஒலிபெருக்கியும் ஏறாது. மதியை உடன்படுத்தும் பேச்சு ஒன்றுதான் மாடி ஏறும். அதற்கு விலைவாசி தெரியவேண்டும், மழைநீர் எந்தத் தெருவில் எத்தனை நாள் நிற்கிறது என்று தெரியவேண்டும், சட்டமன்றத்தில் நம்மவர் என்ன பேசினார் என்று தெரியவேண்டும்.

களவு நெடிதாகி வரைவு தாழ்ந்தால், மணநாள் எப்போது என்று தலைவனை நெருக்குவாள் தோழி. வரைவு கடாதல் என்பர் அதனை. சென்ற தேர்தலில் ஊர் வினவி, பெயர் வினவி, குறையும் இரந்து வாக்குப் பெற்றவரோடு வீடு வீடாக நடந்தவர்கள் நீங்கள். மீண்டும் நீங்கள் படியேறும்போது, மந்தைவெளியிலோ கோட்டூர்புரத்திலோ கதவு திறக்கும் மூதாட்டி, "என்னப்பா, போன தடவை தேடி வந்தாயே, அந்த யானை கிடைத்ததா?" என்று கேட்டால் என்ன விடை வைத்திருக்கிறீர்கள், தோழர்களே?