பொலிஸின் கையைக் கட்டிப்போடுகிறதா சட்டம்?

பாதாள உலகக் கோஷ்டிகளை ஒழிக்க வேண்டுமானால் பொலிஸாரின் கைகளை அவிழ்த்துவிட வேண்டும் என்ற வாதம் கொழும்புக்குப் புதிதல்ல. ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி, புளூமெண்டல், கொட்டாஞ்சேனை என்று கொழும்பு 13இல் எங்காவது வெடிச்சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது புத்துயிர் பெறுகிறது. மனித உரிமை குற்றவாளிக்கே கேடயம், வழக்குப் போட்டால் ஆண்டுக்கணக்கில் இழுபடும், நாலு பேரைச் சுட்டால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும், தப்புச் செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று அது பல வடிவங்களில் பேசப்படுகிறது. தேநீர்க் கடையிலும் ஒலிக்கிறது, பாராளுமன்றத்திலும் ஒலிக்கிறது.

இதைச் சொல்பவர்களின் அச்சம் உண்மையானது. ஜிந்துப்பிட்டியின் தோட்டக் குடியிருப்புகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடுகள் இருக்கின்றன. ஒருவரைக் குறிவைத்துச் சுட்ட குண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தாக்குவதற்கு இரண்டு அடி தூரம் போதும். செட்டியார் தெருவில் கடை வைத்திருப்பவருக்குக் கப்பம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பு வெறும் கதையல்ல. அச்சத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்தாக முன்வைக்கப்படும் கூற்றுகள் ஒவ்வொன்றும் சரியா என்று பார்த்தாக வேண்டும்.

முதற் கூற்று, சுட்டால் கோஷ்டி அழியும் என்பது. 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதிமன்றத்துக்குள், கூண்டில் நின்ற பாதாள உலகக் கோஷ்டித் தலைவர் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் உடையில் வந்திருந்தார். துப்பாக்கி, உட்பக்கம் வெட்டியெடுக்கப்பட்ட ஒரு புத்தகத்துக்குள் வந்தது. இரண்டு நாள் கழித்து, 21ஆம் திகதி இரவு, கொட்டாஞ்சேனை கல்பொத்த வீதியில் இன்னொருவர் சுடப்பட்டு இறந்தார். சந்தேகநபர்கள் இருவர் உடனேயே பிடிபட்டார்கள். சில மணி நேரத்துக்குள் அவர்களும் உயிருடன் இல்லை. மறைத்து வைத்த ஆயுதங்களைக் காட்ட அழைத்துச் சென்றபோது பொலிஸாரின் துப்பாக்கியைப் பறிக்க முயன்றார்கள் என்பது பொலிஸ் தரப்பு விளக்கம். பலரும் கைதட்டினார்கள். ஆனால் கொலைக்கு ஆளனுப்பியவர் யார், பணம் எந்த வழியில் வந்தது, துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய இருவர் அந்த இரவோடு போய்விட்டார்கள். கூலிக்குச் சுடுபவன் இறந்தால் வெளிநாட்டில் இருந்து ஏவுபவனுக்கு நட்டம் எதுவும் இல்லை. அவனுக்கு எதிரான சாட்சிதான் அழிகிறது.

போதைப்பொருள் கோஷ்டித் தலைவர் மாகந்துரே மதூஷின் முடிவும் இதையே சொல்கிறது. 2019 பெப்ரவரியில் துபாயில் கைதாகி, அதே ஆண்டு மே மாதம் நாடுகடத்தப்பட்ட அவர், 2020 ஒக்டோபர் 20 அதிகாலை மாளிகாவத்தையில் பொலிஸ் காவலில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். போதைப்பொருளைக் காட்ட அழைத்துச் சென்ற இடத்தில் இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கினார் என்றார்கள். அவருக்கு அரசியல்வாதிகள் சிலரோடு தொடர்பு இருந்ததாக நாடே பேசியது. அந்தத் தொடர்புகள் எவை என்று திறந்த நீதிமன்றத்தில் கேட்கும் வாய்ப்பு அன்றோடு முடிந்தது. கொலைகள் முடிந்தனவா? நீதிமன்றக் கூண்டுவரை துப்பாக்கி வந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

எதிர்ப்பக்க உதாரணமும் கைவசம் இருக்கிறது. 2025 ஓகஸ்ட் கடைசியில் கெஹெல்பத்தர பத்மே உள்ளிட்ட கோஷ்டித் தலைவர்கள் இந்தோனேசியாவில் பிடிக்கப்பட்டு உயிருடன் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சஞ்சீவ கொலையில் தேடப்பட்ட இஷாரா செவ்வந்தி அதே ஆண்டு ஒக்டோபரில் நேபாளத்தில் பிடிபட்டார். இதைச் செய்து முடித்தது சர்வதேசப் பொலிஸின் உதவி, தகவல் சேகரிப்பு, பொறுமை ஆகிய மூன்றும். ஒரு தோட்டாவும் தேவைப்படவில்லை.

அடுத்த கூற்று, இவை தற்காப்புக்காக நடந்தவை என்பது. தற்காப்பு உரிமை பொலிஸாருக்கும் உண்டு. எதிரே நின்று சுடுபவனைச் சுட்டதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே கேள்வி வேறு. கைவிலங்குடன், ஆயுதம் தாங்கிய பலரின் நடுவே இருப்பவர் எப்படித் துப்பாக்கியைப் பறிக்கிறார்? ஏன் அது மீண்டும் மீண்டும் இருட்டில், ஆயுதம் காட்டப்போன இடத்திலேயே நடக்கிறது?

ஆயுதம் காட்ட அழைத்துச் செல்வதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள அளவுக்கு அந்தத் தகவலைச் சான்றாக எடுக்கலாம். ஆக, சந்தேகநபர் வாயால் சொன்னதும் பொருள் கிடைத்ததும்தான் சட்டத்துக்கு வேண்டும். நள்ளிரவில் அவரையே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. வாக்குமூலத்தை எழுதி, விடிந்தபின் தேடலாம். தேடுதலைப் படம் பிடிக்கலாம்.

2021 மே மாதம் நடந்தது இன்னும் கொடியது. பாதாள உலகக் கோஷ்டியைச் சேர்ந்த கொஸ்கொட தாரக காவலில் கொல்லப்படக்கூடும் என்ற அச்சத்தை இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. 13ஆம் திகதி அதிகாலை அவர் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னர் ஊரு ஜுவா என்பவரும் அதே வகையில் காவலில் இறந்திருந்தார். நடக்கப்போவது என்ன என்று வெளியில் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லும் நிலையில், அதைத் தற்செயலான தற்காப்பு என்று ஏற்பது கடினம். அரசியலமைப்பின் 13(4) உறுப்புரை, தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவரையும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்க முடியாது என்கிறது. 2003இல் உயர் நீதிமன்றம் இந்த உறுப்புரையிலிருந்தே உயிர்வாழும் உரிமையை வருவித்துக் காட்டியது. தூக்குத்தண்டனை சட்டத்தில் இருந்தும் 1976க்குப் பிறகு இலங்கையில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிபதிகள் விசாரித்து, மேன்முறையீடுகள் முடிந்து, தீர்ப்பு உறுதியான பிறகும் அரசு செய்யத் தயங்கும் ஒன்றை ஒரு பொலிஸ் குழு ஓர் இரவில் செய்துவிடுகிறது.

தப்புச் செய்யாதவனுக்கு எதற்குப் பயம் என்ற கூற்றைக் கொழும்புத் தமிழர்களிடம் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலை, தமிழர்கள் தங்கியிருந்த கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களின் கதவுகள் தட்டப்பட்டன. வைத்தியத்துக்கு வந்தவர்களும், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்களும், வேலை தேடி வந்தவர்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறச் சொல்லப்பட்டார்கள். அரசின் கணக்கிலேயே அவர்கள் 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள். பஸ்கள் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் புறப்பட்டன. அவர்களில் எவர்மீதும் குற்றச்சாட்டு இல்லை. கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லை என்று சொல்லப்பட்டது, அவ்வளவுதான். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவில் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தை நிறுத்தியது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அன்று பொலிஸின் கையைக் கட்டியது அந்த இடைக்காலத் தடைதான். அது இல்லாதிருந்தால் அடுத்த நாள் பஸ்களும் புறப்பட்டிருக்கும்.

2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் அனைவரும் பொலிஸில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டுக்கு வீடு பதிவுத் துண்டு பத்திரமாக இருந்தது: பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தங்கியிருக்கும் காரணம். இரவுச் சோதனையில் கதவு தட்டப்பட்டால் விளக்கைப் போடும்போதே கை அந்தத் துண்டைத் தேடும். அதே செப்டெம்பர் 17 அன்று தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் கடத்தப்பட்டார்கள். அவர்கள் உட்படப் பதினொரு பேர் காணாமற்போன வழக்கில், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை கடற்படையினரையே சுட்டியது. கடத்தலின் நோக்கம் கப்பம் என்பது குற்றச்சாட்டு. பயங்கரவாதத்தைத் தடுக்க என்று தளர்த்தப்பட்ட பிடி எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

ஒப்புதல் வாக்குமூலத்தின் கதையும் இதற்குள் அடங்கும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. நல்லரத்தினம் சிங்கராசா வழக்கில், வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் அவரது பெருவிரல் அடையாளம் இருந்தது. கிடைத்த தண்டனை 50 ஆண்டு. மேன்முறையீட்டில் 35 ஆனது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாக 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது. குற்றம் செய்தாரா இல்லையா என்பது வேறு. அந்தத் தாள் அதை நிரூபிக்கவில்லை.

கூட்டங்கூட்டமாக அள்ளிப்போட்டால் போதைப்பொருள் ஒழியும் என்பது இன்னொரு கூற்று. 2023 டிசம்பர் 17 அன்று பொலிஸாரின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையான ‘யுக்திய’ தொடங்கியது. ஒரு மாதம் கடந்தபோது ஏறத்தாழ 29,000 பேர் கைதாகியிருந்தார்கள். நடவடிக்கையை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி ஐ.நா. நிபுணர்கள் கேட்டார்கள். அள்ளப்பட்டவர்களில் பெரும் பங்கு தெருவோரப் பாவனையாளர்களும் சில்லறை விற்பனையாளர்களும். ஏற்கெனவே நிரம்பி வழிந்த சிறைகள் மேலும் நிரம்பின. கோஷ்டித் தலைவர்கள் பலர் வெளிநாட்டில் இருந்தார்கள்.

இந்த வழியை நியூயோர்க் நகரம் பெரிய அளவில் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. 2011இல் அங்கே பொலிஸார் தெருவில் நிறுத்திச் சோதித்த தடவைகள் 685,000க்கும் மேல். பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும். பத்தில் ஏறத்தாழ ஒன்பது தடவைகளில் எதுவும் கிடைக்கவில்லை. 2013இல் நீதிபதி ஷீரா ஷெயின்ட்லின் அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். சோதனையைக் குறைத்தால் நகரம் கொலைக்களமாகும் என்று எச்சரித்தார்கள். 2017இல் சோதனைகள் 12,000க்கும் கீழே இறங்கியிருந்தன. 2011இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017இல் 292 ஆகியிருந்தன. சோதனை குறைந்ததால்தான் கொலை குறைந்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. சோதனை குறைந்தால் கொலை கூடும் என்ற எச்சரிக்கை பொய்த்தது என்பது மட்டும் உறுதி.

அமெரிக்காவிலேயே பொலிஸ் சுடுகிறதே என்பாரும் உண்டு. சுடுகிறது, அளவுக்கு மீறியும் சுடுகிறது. ஆனால் தப்பியோடும் ஒருவரால் பாரதூரமான ஆபத்து இல்லாதபோது அவரைச் சுட்டுக் கொல்ல முடியாது என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1985இல், டெனசி மாநில வழக்கொன்றில் வரையறுத்துவிட்டது. ஜோர்ஜ் ஃபுளொய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்திய பொலிஸ் அதிகாரி டெரெக் ஷோவின் 2021இல் 22½ ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். முன்மாதிரி தேடுவோர் அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுப்பாடு இல்லாத பொலிஸ் தன்னையே சுடும் என்பதையும் இலங்கை பார்த்துவிட்டது. 2023 டிசம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், ஒரு மனிதரைச் சித்திரவதை செய்ததற்கு தேசபந்து தென்னகோன் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். மூன்றாம் நாள் அவரது தலைமையில் யுக்திய தொடங்கியது. டிசம்பர் 31 அதிகாலை கொழும்புக் குற்றப் பிரிவின் குழு ஒன்று உள்ளூர்ப் பொலிஸுக்குத் தெரியாமல் வெலிகமவில் ஒரு ஹோட்டலின் முன்னால் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. வந்தவர்கள் பொலிஸ் என்று அறியாமல் வெலிகம பொலிஸார் சுட்டார்கள். குழுவில் ஓர் அதிகாரி இறந்தார். 2025 ஓகஸ்ட் 5 அன்று பாராளுமன்றம் 177 வாக்குகளால் தென்னகோனைப் பதவி நீக்கியது. எதிராக ஒரு வாக்கும் இல்லை. சட்டத்தைப் பின்பற்றியிருந்தால் அந்த அதிகாரி அன்று வீடு திரும்பியிருப்பார்.

எஞ்சியிருப்பது வழக்குகள் இழுபடுகின்றன என்ற கூற்று. அது முழு உண்மை. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை தாமதமாகிறது, தவணைமேல் தவணை போகிறது, சாட்சி பின்வாங்குகிறார். சுட்டவனோடு ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லத் தயங்குவது கோழைத்தனமல்ல. அதற்கு மருந்து சாட்சிப் பாதுகாப்பு. அதற்கான சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதுப்பிக்கப்பட்டது. அதை ஜிந்துப்பிட்டியின் ஒழுங்கைவரை கொண்டுவர ஆளும் பணமும் வேண்டும். பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கும் அப்படியே. சந்தேகநபரைக் கொல்வது வழக்கைச் சுருக்குவதில்லை. வழக்கே இல்லாமற் செய்கிறது. சுடப்பட்டவரின் தாய்க்கும் தன் மகனை யார் கொல்லச் சொன்னார் என்பது கடைசிவரை தெரியாமற் போகிறது.

பொலிஸின் கையைச் சட்டம் கட்டவில்லை. அந்தக் கை போக வேண்டிய வழியைத்தான் சொல்கிறது. ஜிந்துப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ வாழ்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியவை சில. கைது செய்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தின்கீழ் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடக் கூடாது. உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996.